மஞ்சள் கோட்டுக்குக் கீழே

கூடத்தில் இரண்டு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கின்றன. திடீரென்று 'டணார்' என்று ஒரு சத்தம். சமையலறையிலிருந்து ஓடி வந்து பார்க்கிறீர்கள். குத்துவிளக்கு உருண்டு கிடக்கிறது. "அவன்தான் தள்ளினான், அம்மா!" என்கிறது ஒன்று. "அவள் ஏன் வழியை மறித்தாள்?" என்கிறது மற்றொன்று. விளக்கு விழுந்தது நிச்சயம், கண்ணெதிரே கிடக்கிறது. ஆனால் தள்ளியது யார்? தள்ளப்பட்டது நிஜந்தானா, அல்லது குழந்தை தானாகப் போய் விழுந்துவிட்டுப் பழியை மற்றதன் தலையில் போடுகிறதா? இதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தாயாரின் சங்கடம் இருக்கிறதே, அதே சங்கடத்தில்தான் அமெரிக்காவிலே ஒரு பெரிய பந்தய ஸ்தாபனம் 2001-ம் வருஷத்திலிருந்து விழித்துக்கொண்டு நிற்கிறது. என்ன வித்தியாசம் என்றால், அங்கே உருளுவது குத்துவிளக்கு அல்ல. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் மோட்டார் கார்!

அந்தப் பந்தயத்துக்கு 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று பெயர். பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த ஊசிமூக்குக் கார்கள் அல்ல. ஜனங்கள் கடையில் வாங்கிக் குடும்பத்தோடு ஏறிப் போகும் சாதாரணக் கார்களை ஓட்டுவது என்று ஆரம்பித்தார்கள். (இன்றைக்கு மேல் தோற்றம் மட்டுந்தான் கடைக் கார். உள்ளே இருப்பது முழுக்க முழுக்கப் பந்தய இயந்திரம்.) இதன் பூர்வ கதை கொஞ்சம் ஏடாகூடமானது. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கள்ளச் சாராயம் ஏற்றிக்கொண்டு, போலீசுக்கு டிமிக்கி கொடுத்து, மலைப் பாதைகளில் இரவில் பறந்த வாலிபர்கள்தாம் ஆரம்பகாலச் சூரர்களில் பலர். ஜூனியர் ஜான்ஸன் என்ற மகா பெரிய பந்தய வீரர் சாராய அடுப்பண்டை பிடிபட்டுச் சிறையிலும் இருந்தவர். 1986-ல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு அளித்தார்.

இப்படிப்பட்ட ஆசாமிகளை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டாமா? 1948-ல் பில் பிரான்ஸ் என்பவர் நாஸ்கார் என்ற ஸ்தாபனத்தை நிறுவினார். எல்லோருக்கும் ஒரே விதி, ஒழுங்கான பரிசுப் பணம் என்பதுதான் அவர் கொடுத்த வாக்கு. அடுத்த வருஷமே டேடோனா கடற்கரையில் நடந்த பந்தயத்தில் மூன்று பெண்மணிகள் காரோட்டினார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் எதல் மோப்ளி என்பவர் தம் உடன்பிறந்த மூன்று சகோதரர்களுடனேயே போட்டியிட்டு, அவர்களில் இருவரை முந்திக்கொண்டு வந்துவிட்டார்!

அந்த நாட்களில் தீர்ப்புச் சொல்வது சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு வகைச் சிரமம். 1959-ல் டேடோனாவில் புதிதாகக் கட்டிய தடத்தில் முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. லீ பெட்டி, ஜானி போஷாம்ப் என்ற இருவரும் முடிவுக் கோட்டை ஏறக்குறைய ஒரே கணத்தில் தாண்டினார்கள். போஷாம்ப்தான் ஜயித்தார் என்று முதலில் சொல்லிவிட்டார்கள். பிறகு புகைப்படங்களையும் சினிமாச் சுருளையும் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்து, மூன்று நாள் கழித்து, "இல்லை, லீ பெட்டிதான்" என்று மாற்றினார்கள். அதே வருஷம் அட்லாண்டாவில் இன்னொரு வேடிக்கை. லீ பெட்டியின் மகன் ரிச்சர்ட் தம் வாழ்க்கையில் முதல் வெற்றி என்று பூரித்து நிற்கிறார். அப்பா வந்து, "கணக்கு தப்பு, பையன் ஒரு சுற்றுக் குறைவு" என்று புகார் கொடுத்தார்! கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். அப்பா சொன்னது சரி. வெற்றி அப்பாவுக்கே போயிற்று. (ரிச்சர்ட் பின்னால் 200 பந்தயங்களில் ஜயித்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார். அன்று வீட்டில் அம்மா யாருக்கு முதலில் சாதம் போட்டாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.)

மின்சாரக் கருவிகள் வருவதற்கு முன்னால் சுற்றுக் கணக்கைக் காகிதத்திலும் பென்சிலிலும்தான் எழுதினார்கள். பல டிரைவர்களின் மனைவிமார்களே மேடையில் உட்கார்ந்து தங்கள் புருஷர்களின் கணக்கை எழுதிய காலம் அது. தப்பு நேரலாம், ஆனால் பொறுமையாகத் திருப்பி எண்ணினால் விடை கிடைத்துவிடும். யார் முன்னால் வந்தார் என்பது எண்ணித் தீர்க்கக்கூடிய விஷயம். யார் யாரைத் தள்ளினார் என்பது அப்படியா?

இந்தக் கேள்வியை ஏன் கேட்கவேண்டி வந்தது என்பதற்குத் தடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அலபாமா மாகாணத்தில் டல்லடேகா என்று ஓர் இடம். 1969-ல் திறந்த பந்தயத் தடம். ஒரு சுற்று 2.66 மைல். வளைவுகளில் தரை 33 பாகை சாய்ந்திருக்கிறது. நம் வீட்டு ஓட்டுக்கூரையை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கார் ஓடுகிறது! வேகம் இருந்தால் கார் சுவரோடு ஒட்டினாற்போல் நிற்கும். 1987-ல் பில் எலியட் என்பவர் அங்கே மணிக்கு 212 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அதே பந்தயத்தில் பாபி ஆலிஸனின் கார் எகிறிப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. பயந்துபோன அதிகாரிகள் 1988 முதல் டல்லடேகாவிலும் டேடோனாவிலும் என்ஜினுக்குக் காற்றுப் போகும் வழியில் துளையிட்ட ஒரு தகட்டை வைத்து அதன் மூச்சைக் கொஞ்சம் பிடித்தார்கள். 2019-ல் அந்தத் தகட்டை எடுத்துவிட்டு, அதே காரியத்தைச் செய்யும் வேறொரு சாதனத்தை வைத்திருக்கிறார்கள்.

வேகம் குறைந்தது. ஆனால் எல்லாக் கார்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓட ஆரம்பித்தன. நாற்பது கார்கள் தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி, ஒன்றையொன்று இடித்தாற்போல், மூன்று வரிசையாக ஓடுகின்றன. தனியாக ஒருவன் முந்த முடியாது; முன்னால் போகிறவன் கிழித்த காற்றில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வருகிறவன் உந்த, சமயம் பார்த்து வெளியே பாய வேண்டும். அப்படிப் பாய்கிறவனுக்கு இடம் வேண்டுமே? தடத்தின் உட்பக்கத்தில் சாய்வு இல்லாத தட்டையான கரை ஒன்று இருக்கிறது. டிரைவர்கள் அதில் இறங்கி முந்த ஆரம்பித்தார்கள். தட்டைக் கரையிலிருந்து சாய்வுக்கு அந்த வேகத்தில் திரும்ப ஏறும்போது கார் கட்டுக்கு அடங்காமல் கும்பலுக்குள் பாய்ந்தால் என்ன ஆகும்? அதனால்தான் கரைக்கும் தடத்துக்கும் நடுவில் இரட்டை மஞ்சள் கோடு போட்டு, "இதற்குக் கீழே இறங்கி ஒருவரையும் முந்தக் கூடாது" என்று 2001-ல் விதி செய்தார்கள். நல்ல விதி. குறை சொல்ல முடியாத விதி.

ஆனால் விதிக்கு ஒரு வால் இருந்தது. கீழே இறங்கியவன் தானாக இறங்காமல் பக்கத்துக் காரால் தள்ளப்பட்டு இறங்கியிருந்தால்? அவனைத் தண்டிப்பது அநியாயம் அல்லவா? ஆகவே தள்ளினவனையும் தண்டிக்கலாம் என்று சேர்த்தார்கள். பல வருஷங்கள் பந்தயத்துக்கு முன் டிரைவர்களுக்குப் படித்துக் காட்டிய எச்சரிக்கையில் ஒரு நுணுக்கம் உண்டு. கீழே இறங்கி முந்தினால் தண்டனை உண்டு. கீழே தள்ளினால் தண்டனை இருக்கலாம். 'உண்டு' என்பதற்கும் 'இருக்கலாம்' என்பதற்கும் நடுவில் எத்தனை கார்கள் நொறுங்கின என்பதைக் கேளுங்கள்.

2001 ஜூலையில் டேடோனா. டோனி ஸ்டூவர்ட் என்ற முன்கோபக்கார வீரர் கடைசிச் சுற்றுக்களில் மஞ்சள் கோட்டுக்குக் கீழே போனார். "என்னைத் தள்ளிவிட்டார்கள், மோதாமல் இருப்பதற்காக இறங்கினேன்" என்பது அவர் வாதம். அதிகாரிகள் கேட்கவில்லை. கறுப்புக் கொடி காட்டினார்கள். அதாவது, உடனே ஓரங்கட்டித் தண்டனையை ஏற்றுக்கொள் என்று அர்த்தம். ஸ்டூவர்ட் அதைச் சட்டை செய்யாமல் ஓட்டி ஆறாவதாக வந்தார். தீர்ப்பில் அவரை 26-வது இடத்துக்குத் தள்ளினார்கள். ஆத்திரத்தில் அவர் ஒரு நிருபரின் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தட்டிவிட, 10,000 டாலர் அபராதம் வேறு!

2003-ல் டல்லடேகா. அந்த விளையாட்டின் செல்லப்பிள்ளையான டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், பந்தயம் முடிய இருக்கும் தறுவாயில் முன்னிலைக்குப் பாய்ந்தபோது அவருடைய காரும் கோட்டுக்குக் கீழே போயிற்று. தவறில்லை என்று தீர்த்தார்கள். அவர் ஜயித்தார், அதே தடத்தில் தொடர்ந்து நாலாவது வெற்றி. அவருடைய தகப்பனார் 2001-ல் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் விபத்தில் இறந்துபோன மாபெரும் வீரர். பிள்ளையிடம் ஜனங்களுக்கு அளவற்ற பிரியம். "செல்லப் பிள்ளைக்கு ஒரு நியாயம், முரட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயமா?" என்ற முணுமுணுப்பு எழுந்தது. அதிகாரிகள் பாரபட்சம் காட்டினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு அத்தாட்சி கிடையாது. ஆனால் இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டிரைவர்களுக்கு விதி என்ன என்பதே குழம்பிவிட்டது. 'கடைசிச் சுற்றில், முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியும்போது எதுவும் செல்லும்' என்ற ஒரு நம்பிக்கைகூடக் கொட்டகைகளில் பரவியிருந்தது.

அந்த நம்பிக்கைக்குப் பலியானவர்தான் ரீகன் ஸ்மித்.

2008 அக்டோபர், டல்லடேகா. ஸ்மித்துக்கு 25 வயது. பெரிய பந்தயங்களில் அவருக்கு அது முதல் முழு வருஷம். ஒரு வெற்றிகூடக் கிடையாது. அவர் ஓட்டியது இறந்துபோன டேல் எர்ன்ஹார்ட்டின் பெயரில் அவருடைய மனைவி டெரஸா நடத்திவந்த குழுவின் கார். கடைசிச் சுற்று. முன்னால் போவது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் டோனி ஸ்டூவர்ட்தான்! ஸ்மித் மேலே போவதுபோல் பாசாங்கு செய்து சட்டென்று உட்பக்கம் பாய்ந்தார். ஸ்டூவர்ட்டும் கூடவே கீழே இறங்கி வழியை அடைத்தார். ஸ்மித்துக்கு இரண்டே வழி: ஸ்டூவர்ட்டின் கார்மேல் மோதுவது, அல்லது மஞ்சள் கோட்டுக்குக் கீழே இறங்குவது. அவர் இறங்கினார். முடிவுக் கோட்டை முதலில் தொட்டார். முதல் வெற்றி!

வெற்றி சில நிமிஷங்கள்கூட நிலைக்கவில்லை. ஸ்மித் தள்ளப்படவில்லை, தானாக இறங்கினார் என்று அதிகாரிகள் தீர்த்தார்கள். கோப்பை ஸ்டூவர்ட்டுக்கு. ஸ்மித்துக்கு 18-வது இடம். ஏழு வருஷத்துக்கு முன் "தள்ளினார்கள்" என்று கத்தின மனிதர், இப்போது தள்ளியவர் என்ற சந்தேகத்தில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். அவரை நான் குறை கூறவில்லை. முன்னால் போகிறவன் வழியை அடைக்காமல் என்ன செய்வான்? ஆனால் ஸ்மித் மோதாமல் ஒதுங்கினாரே, அந்த நல்ல காரியத்துக்குக் கிடைத்த சம்மானம் என்ன என்பதை மற்ற நாற்பது டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்த்தவர்களில் ஒருவர் பிராட் கெஸலாவ்ஸ்கி. ஆறே மாதம் கழித்து, 2009 ஏப்ரலில், அதே டல்லடேகா, அதே கடைசிச் சுற்று. முன்னால் போவது கார்ல் எட்வர்ட்ஸ். பின்னால் கெஸலாவ்ஸ்கி, சிறிய குழுவின் கார், அவருக்கும் அதுவரை ஒரு வெற்றி கிடையாது. அவரும் மேலே போக்குக் காட்டி உட்பக்கம் பாய்ந்தார். எட்வர்ட்ஸும் கீழே இறங்கி அடைத்தார். பழைய நாடகம், பழைய மேடை, நடிகர்கள்தாம் புதிது. ஆனால் கெஸலாவ்ஸ்கி ஒதுங்கவில்லை. ஒதுங்கினால் ஸ்மித்தின் கதிதான் என்று அவருக்குத் தெரியும். மஞ்சள் கோட்டின் விளிம்பிலேயே காரை இழுத்துப் பிடித்தார். இரண்டு கார்களும் உரசின. எட்வர்ட்ஸின் கார் பின்பக்கமாகத் திரும்பி, ஆகாயத்தில் எழும்பி, பின்னால் வந்த இன்னொரு காரின் முகப்பில் மோதி, பார்வையாளர்களுக்கு முன்னால் இருந்த கம்பி வலை வேலியில் போய்ப் பாய்ந்தது.

வேலி தாங்கிற்று. தாங்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே குலை நடுங்குகிறது. தெறித்த துண்டுகள் பட்டுப் பார்வையாளர் பலருக்குக் காயம். பந்தயம் பார்க்க வந்த ஓர் இளம்பெண்ணுக்குத் தாடை எலும்பு முறிந்தது. நொறுங்கிய காரிலிருந்து எட்வர்ட்ஸ் ஒரு கீறல் இல்லாமல் இறங்கினார். இறங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? தடத்தில் கால்நடையாக ஓடிப்போய் முடிவுக் கோட்டைத் தாண்டினார்! கூட்டம் ஆரவாரம் செய்தது. சிரித்த முகத்தோடு ஓடினவர் பிறகு சொன்ன வார்த்தையில் சிரிப்பு இல்லை. யாராவது செத்துப்போகிறவரையில் எங்களை இப்படித்தான் ஓட வைப்பார்கள், அப்புறந்தான் மாற்றுவார்கள் என்ற கருத்தில் அவர் மனம் விட்டுப் பேசினார். ஜயித்த கெஸலாவ்ஸ்கியும், கோட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி, அதனால் என் இடத்தை விடவில்லை என்றார். தோற்றவரும் ஜயித்தவரும் ஒரே புகாரைச் சொன்ன விசித்திரம் அது.

அபாயத்தைத் தடுக்கப் போட்ட கோடு அபாயத்தை உண்டாக்கிவிட்டது என்று நான் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. கோடு செய்த காரியம் அல்ல அது. "தள்ளப்பட்டாய்" என்று எப்போது ஒப்புக்கொள்வார்கள் என்று எவனுக்கும் தெரியாததனால் வந்த வினை. ஒதுங்கினால் தண்டனை நிச்சயம். மோதினால் ஒருவேளை ஜயிக்கலாம். வயிற்றுப் பிழைப்புக்குக் காரோட்டுகிற வாலிபன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

இதற்குப் பிறகாவது தெளிவு வந்ததா என்றால், 2020 அக்டோபரைப் பாருங்கள். மறுபடி டல்லடேகா. டென்னி ஹாம்லின் முதலாவதாக வந்தார். அவருடைய காரும் கடைசிக் கணத்தில் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. மோதலைத் தவிர்க்க இறங்கினார் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவதாக வந்த மாட் டிபெனடெட்டோ, வில்லியம் பைரனைக் கீழே தள்ளினார் என்று 21-வது இடத்துக்கு இறக்கப்பட்டார். சேஸ் எலியட்டை முதலில் தண்டித்தார்கள். பிறகு படத்தைத் திரும்பப் பார்த்து, "பாவம், இவர் தள்ளப்பட்டவர்" என்று ஐந்தாம் இடத்தைத் திருப்பிக் கொடுத்து, தள்ளினவர் என்று கிறிஸ் பூஷரைத் தண்டித்தார்கள். இந்தத் தடவை தள்ளியவர்களைக் கவனித்தார்கள் என்பது நல்ல மாறுதல்தான். 2008-ல் ஸ்டூவர்ட் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. இத்தனைக்கும் இப்போது மூலைக்கு மூலை காமிரா இருக்கிறது. கார் எங்கே போயிற்று என்பதைக் காமிரா காட்டும். ஏன் போயிற்று என்பதை எந்தக் காமிரா காட்டும்?

மஞ்சள் கோடு இல்லாத இடத்திலும் இதே சங்கதி உண்டு. வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில் என்ற அரை மைல் தடம். 2022-ல் ராஸ் சாஸ்டெயின் என்பவர் (தர்பூசணி பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை; ஜயித்தால் காரின்மேல் ஏறி ஒரு தர்பூசணியைப் போட்டு உடைப்பார்) கடைசி வளைவுகளில் பிரேக்கைத் தொடாமல், வெளிச் சுவரில் காரை உரசவிட்டுத் தண்டவாளத்தில் ரயில் போவதுபோல் பாய்ந்து, பத்தாவது இடத்திலிருந்து ஐந்தாவதுக்கு வந்தார். அதனால் இறுதிச் சுற்றில் இடம் இழந்தவர் ஹாம்லின். உலகமே கைதட்டியது, தண்டனை இல்லை. மூன்று மாதம் கழித்து அதிகாரிகள், "இனிமேல் செய்தால் தண்டனை, புது விதி தேவையில்லை, பழைய விதியே போதும்" என்றார்கள். பழைய விதியே போதுமென்றால் அன்றைக்கு ஏன் போதவில்லை? 2024-ல் அதே இடத்தில் கிறிஸ்டோபர் பெல் சுவரை ஒட்டி ஓடிவந்தார். சறுக்கிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது, வேண்டுமென்று செய்யவில்லை என்றார் அவர். தண்டனை! இறுதிச் சுற்றுக்குப் போனவர் பெல் அல்ல. 2020-ல் தள்ளப்பட்டாரே, அந்தப் பைரன்.

முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தானே தண்டித்தார்கள் என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். அதிகாரிகளையும் சற்று நினைத்துப் பாருங்கள். உயரமான அறையில் உட்கார்ந்துகொண்டு, லட்சக்கணக்கான ஜனங்கள் காத்திருக்க, ஒரு டிரைவரின் மனத்துக்குள் இருந்த எண்ணத்தைச் சில நிமிஷத்தில் படித்துச் சொல்லவேண்டும். 1959-ல் மூன்று நாள் எடுத்துக்கொண்ட மாதிரி இப்போது எடுத்துக்கொள்ள யார் விடுவார்கள்?

ரீகன் ஸ்மித்தைப் பாதி வழியில் விட்டுவிட்டேன். 2008-ல் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. வெற்றி மட்டும் வரவில்லை. டெரஸா எர்ன்ஹார்ட்டின் குழு அந்த வருஷக் கடைசியில் வேறொரு குழுவோடு இணைந்துவிட, ஸ்மித் வேறிடம் தேடிப் போனார். இரண்டரை வருஷம் கழிந்தது. 2011 மே மாதம், தென் கரோலினாவில் டார்லிங்டன் என்ற பழைய தடம். டல்லடேகாவின் மஞ்சள் கோட்டு விதி அங்கே கிடையாது. கடைசிக் கட்டத்தில் மற்றவர்கள் புது டயர் மாட்டிக்கொள்ளப் போனபோது ஸ்மித் போகவில்லை. தேய்ந்த டயருடனே முன்னால் நின்றார். பின்னால் புது டயருடன் துரத்தி வந்தவர் கார்ல் எட்வர்ட்ஸ். முந்திவிடுவார், முந்திவிடுவார் என்று எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். முந்தவில்லை. ஸ்மித் முதலாவது, எட்வர்ட்ஸ் இரண்டாவது. மூன்றாவதாக வந்தவர் பிராட் கெஸலாவ்ஸ்கி. அன்று கோபுரத்தில் இருந்த அதிகாரிகளுக்கு எதையும் திருப்பிப் பார்க்க வேண்டிய வேலை இருக்கவில்லை.